ஒரே படத்தில் ஒரு பேரிடர்

1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் விடியற்காலையில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரைப் பூகம்பம் குலுக்கிற்று. தொடர்ந்து மூண்ட பெருந்தீ மூன்று நாட்கள் எரிந்தது. இடிந்த வீடுகளைப் பலர் படம் பிடித்தனர். ஆயினும், அத்தனித்தனிப் படங்களைக் கொண்டு அழிவின் முழு எல்லையை நாம் அறிதல் இயலுமா?

சில வாரங்களுக்குப் பின் ஜார்ஜ் லாரன்ஸ் என்பவர் கனத்த காமிரா ஒன்றைப் பட்டங்களில் கட்டிச் சுமார் 2,000 அடி உயரத்துக்கு ஏற்றினார். தப்பிப் பிழைத்த படகுத்துறைக் கட்டடமும், அங்கிருந்து செல்லும் மார்க்கெட் தெருவும், இருமருங்கும் பாழான வட்டாரங்களும் அந்த ஒரே அகலப் படத்தில் ஒருங்கே தெரிகின்றன.

இன்று இதற்குப் பட்டம் வேண்டுவதில்லை. தீயோ விபத்தோ நேர்ந்த இடத்தில், மீட்புப் பணிக்கு இடையூறின்றி ஓரிடத்தில் நின்று, காமிராவைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் படமெடுக்கலாம். ஒவ்வொரு படத்திலும் முந்தியதன் மூன்றில் ஒரு பங்கேனும் விழுமாறு எடுத்து இணைத்தல் நன்று. இவ்வகைப் படத்தில் நேரான தெரு வளைந்து தோன்றும். நகரும் மனிதர் உருச் சிதையும். ஆகவே அளவுகளைத் தனியே குறித்து, அருகிலிருந்து எடுத்த படங்களையும் உடன் வைக்க வேண்டும்.

தீ எவ்வழியே பரவியது, வெளியேறும் வாயில் எப்பக்கம் இருந்தது என்பன விசாரணையில் எழும் வினாக்கள். இடிபாடுகளை அகற்றிய பின் அவ்விடம் விடை கூறாது, படமே கூறும்.