அந்தத் தாய் யானை ஏன் நகரவில்லை?



பூனைக்குக் கோபம் வருமா? குரங்கு யோசிக்குமா? யானைக்கு நல்லது கெட்டது தெரியுமா? இப்படியெல்லாம் கேட்டுப் பெரியவர்களைத் துளைத்தெடுப்பவர்கள் நீங்கள். சபாஷ்! விடாமல் கேளுங்கள். விஞ்ஞானிகளும் இதையேதான் கேட்டார்கள்.

முதலில் அறிவைப் பார்ப்போம்.

உங்கள் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டங்கள் பல, இன்று செம்பனைத் தோட்டங்கள் ஆகிவிட்டன. செம்பனைப் பழத்துக்குப் பெரிய எதிரி எலி. நம் பேராக் மாநிலத்தில், செகாரி காட்டிலிருந்து பெரோக் குரங்குகள் இந்தத் தோட்டங்களுக்குள் வருகின்றன. பழம் தின்கிறதே என்று பலரும் அவற்றை விரட்டுவார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்களோ, பின்னாலேயே நடந்து பொறுமையாகக் கவனித்தார்கள்.

அவர்கள் கண்டது என்ன தெரியுமா? வெட்டிய மட்டையின் அடிப்பகுதி மரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் குரங்கு பிய்த்துப் போடுகிறது. உள்ளே பதுங்கியிருக்கும் எலியை லபக்கென்று பிடிக்கிறது! ஒரு குரங்குக் கூட்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 எலிகளைத் தின்றுவிடும் என்று 2019இல் அவர்கள் எழுதினார்கள். எலி எங்கே ஒளியும் என்பது குரங்குக்கு அத்துப்படி!

இப்போது பக்கத்து நாடான தாய்லாந்துக்குப் போவோம். அங்கே லம்பாங் யானைக் காப்பகத்தில் ஜோஷுவா பிளாட்னிக் என்ற விஞ்ஞானியின் குழுவினர் ஒரு சோதனை வைத்தார்கள். நகரும் மேசை ஒன்றில் தீனி. மேசையைச் சுற்றி ஒரே கயிறு. அதன் இரண்டு முனைகளையும் இரண்டு யானைகள் சேர்ந்து இழுத்தால்தான் தீனி பக்கத்தில் வரும். ஒரு யானை மட்டும் இழுத்தால்? பாவாடை நாடாவின் ஒரு முனையை இழுத்தால் மறுமுனை உள்ளே போய்விடுமே, அதேபோல் கயிறு உருவிக்கொண்டு வந்துவிடும். புரிகிறதா?

யானைகள் கூட்டாளி வரும்வரை இழுக்காமல் காத்திருந்தன! ஓர் இளம் யானை இன்னும் கெட்டி. தன் பக்கத்துக் கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு சும்மா நின்றது. இழுக்கிற வேலை முழுதும் கூட்டாளிக்கு! இந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது.

சரி, அறிவு உண்டு. உணர்ச்சி?

2025 மே 11, அன்னையர் தினம். விடிவதற்கு முன், நம் கிரிக்–ஜெலி நெடுஞ்சாலையில் ஒரு குட்டி யானை லாரியில் அடிபட்டு, அடியில் சிக்கி இறந்துபோனது. தாய் யானை அந்த லாரியில் தலையை அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றது. ஆட்கள் வந்தும் போகவில்லை. கடைசியில் வனவிலங்குத் துறையினர் மயக்க ஊசி போட்டு அதைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

குட்டியை மீட்க லாரியைத் தள்ளியதா? துக்கம் தாங்காமல் சாய்ந்து நின்றதா? அதன் மனசுக்குள் புகுந்து பார்க்க நம்மால் முடியாது. ஆனால் எதுவாக இருந்தாலும், அதற்குப் பின்னால் இருந்தது பாசம்தான். நான் உறுதியாகவே நம்புகிறேன்.

யானைகள் ஒன்றையொன்று தேற்றவும் செய்கின்றன. ஒரு யானை மிரண்டு, காதை விரித்து, வாலைத் தூக்கினால், மற்றவை ஓடிவந்து தும்பிக்கையால் அதன் முகத்தைத் தொடுகின்றன. வாய்க்குள்ளும் தும்பிக்கையை வைக்கின்றன. மெல்லக் குரல் கொடுக்கின்றன. தாய்லாந்தில் 26 யானைகளைக் கவனித்து, 2014இல் இதை வெளியிட்டார்கள்.

இனி, கடினமான கேள்வி. விலங்குகளுக்கு நியாயம் தெரியுமா?

சாரா பிராஸ்னன், பிரான்ஸ் டி வால் என்ற இரு விஞ்ஞானிகள் 2003இல் கபுச்சின் குரங்குகளைப் பற்றி எழுதினார்கள். ஆய்வாளரிடம் குரங்கு ஒரு கல்லைக் கொடுத்தால், வெள்ளரித் துண்டு கிடைக்கும். சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். ஆனால் பக்கத்துக் குரங்குக்குத் திராட்சை கிடைப்பதைப் பார்த்துவிட்டால் போச்சு! குரங்குகள் பல முறை வெள்ளரியை வாங்க மறுத்தன. சில தூக்கியும் எறிந்தன.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். “எனக்குக் குறைந்துவிட்டதே!” என்று கோபப்படுவது நியாயத்தின் தொடக்கம்தான். “அவளுக்குக் குறைந்துவிட்டதே!” என்று வருந்துவது அதைவிடப் பெரிது. அது உங்களால் முடியும். யானைக்குச் சாலை விதி தெரியாது. வண்டி ஓட்டும் நமக்குத் தெரியும். ஆகவே கிரிக் பாதையில் போகும்போது, “அப்பா, மெதுவாகப் போங்கள்” என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நீங்களும் ஆய்வாளர் ஆகலாம், கண்ணுகளா! ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுக் குரங்கோ, வீட்டுப் பூனையோ, எதுவானாலும் தள்ளி நின்று கவனியுங்கள். நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். ஒன்றில் ‘நான் பார்த்தது’, மற்றதில் ‘நான் நினைப்பது’. இரண்டையும் கலக்காமல் எழுதப் பழகுங்கள். நல்ல விஞ்ஞானிக்கு அதுதான் முதல் பாடம்.