தோப்பில் முகமது மீரான்

தோப்பில் முகமது மீரான் (செப்டம்பர் 26, 1944 – மே 10, 2019) தமிழ் நாவலாசிரியர், சிறுகதையாளர், மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தவர். குமரி மாவட்டக் கடற்கரை முஸ்லிம்களின் வாழ்க்கையை அவர்களின் பேச்சுமொழியிலேயே நாவலாக்கிய முன்னோடி.

பிறப்பு, கல்வி

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், வள்ளியாறு கடலில் சேரும் கடியப்பட்டணத்திலிருந்து மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, குளச்சல் எனக் கடலை ஒட்டி வடமேற்காகச் சென்றால், குழித்துறையாறு கடலில் கலக்கும் இடத்தில் தேங்காய்ப்பட்டணம் உள்ளது. இந்தக் கரையில் பெரும்பாலானவை கத்தோலிக்க மீனவ ஊர்கள். அவற்றுக்கு நடுவே, பழைய கடல்வணிகத்தால் உருவான முஸ்லிம் ஊர்களில் ஒன்றான தேங்காய்ப்பட்டணத்தில் மீரான் பிறந்தார். வீட்டுப்பெயரைத் தன்பெயருக்கு முன்னால் சேர்ப்பது திருவிதாங்கூர் வழக்கம். ‘தோப்பில்’ அப்படி வந்தது.

அவர் பிறந்தபோது ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பள்ளியில் மலையாளம் படித்தார். 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. வீட்டிலும் கடற்கரையிலும் பேசியது தமிழ், எழுதக் கற்றது மலையாளம். பின்னர் நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் படித்தார். திருநெல்வேலியில் குடியேறி மிளகாய் வற்றல் வணிகம் செய்தார். கடைசிவரை அவர் வியாபாரிதான். எழுத்தாளர்களின் கூட்டத்தில் வளர்ந்தவர் அல்ல.

மொழி

மீரானைப் பற்றி எழுதும் எவரும் இந்த மொழிச்சிக்கலைக் கடந்துசெல்ல முடியாது. தமிழ் எழுத்தில் அவருக்குப் போதிய பழக்கம் இருக்கவில்லை. தன் காதில் ஒலித்த ஊர்த்தமிழை மலையாள எழுத்தில் எழுதினார், பிறர் உதவியுடன் அது தமிழ் எழுத்துக்கு மாற்றப்பட்டது. குறையாகத் தோன்றும் இதுவே அவருடைய பலம் என்று சொல்லவேண்டும். பாடநூல் தமிழ் அவருக்குள் நுழையவே இல்லை. எனவே வாப்பாவும் உம்மாவும் மொதலாளியும் லெப்பையும் மோதீனும் எந்தத் திருத்தமும் இல்லாமல் நாவலுக்குள் பேசினார்கள். அரபுச் சொற்களும் மலையாள வினைகளும் நாஞ்சில்நாட்டு ஒலிகளும் கலந்த அந்த மொழி, தமிழகத்தின் பிறபகுதி வாசகர்களுக்கு முதல் இருபது பக்கங்கள் கடினமாக இருக்கும். அதன்பின் அந்த மொழி இல்லாமல் அக்கதையைச் சொல்லமுடியாது என்று தெரிந்துவிடும்.

தமிழ் முஸ்லிம்கள் நாவலுக்குப் புதியவர்கள் அல்லர். கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ 1885இல் வெளிவந்தது, தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்று. ஆனால் அதன் கதைக்களம் எகிப்து. அதற்கு நூறாண்டுகளுக்குப் பிறகு தமிழ்க் கடற்கரையின் ஒரு முஸ்லிம் ஊரை, அதன் அதிகாரத்தையும் அச்சத்தையும் ஒளிக்காமல் மீரான் எழுதினார்.

நாவல்கள்

முதலில் வெளிவந்த நாவல் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து 1988இல் நூலாகியது. வடக்குவீட்டு அகமதுக்கண்ணு முதலாளி ஊரையும் பள்ளிவாசலையும் தன் கைக்குள் வைத்திருப்பவர். அவருக்குப் பணிய மறுப்பவன் மஹ்மூது, எளிய சுறாப்பீலி வியாபாரி. ஊருக்குள் ஆங்கிலப் பள்ளி வரும்போது மார்க்கத்தின் பெயரால் எதிர்ப்பு எழுகிறது. அற்புதங்கள் செய்வதாக நம்பப்படும் தங்ஙளின் காலில் ஊர் விழுகிறது. முதலாளியின் குடும்பப்பெருமைக்கு அவருடைய மகள் ஆயிஷாவின் வாழ்க்கையே விலையாகிறது. முதலாளியை வெறும் கொடியவராகக் காட்டாமல், தன் பெருமையைத் தவிர வேறு எதையும் அறியாத மனிதராகக் காட்டியதில் இந்த நாவலின் முதிர்ச்சி இருக்கிறது.

‘துறைமுகம்’ (1991) கருவாட்டை கொழும்புக்கு அனுப்பிப் பிழைக்கும் சிறுவியாபாரிகள் ஏமாற்றப்படுவதைச் சொல்கிறது. ‘கூனன் தோப்பு’ (1993) கடற்கரையில் மதக்கலவரம் எப்படி மூள்கிறது என்பதைப் பேசுவது. ‘அஞ்சுவண்ணம் தெரு’ பழைய தர்கா மரபுக்கும் புதிய தூய்மைவாதத்துக்கும் இடையிலான மோதலைத் தொட்டது.

அவற்றில் ‘சாய்வு நாற்காலி’ (1997) தனியாக நிற்கிறது. திருவிதாங்கூர் மன்னருக்கு உதவிய முன்னோரின் புகழ்பாடும் சவ்தா மன்ஸில் என்ற வீடு. அதன் கடைசி வாரிசு முஸ்தபாக்கண்ணு எந்த வேலையும் செய்வதில்லை. நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். மனைவியை அடிக்க ‘அதபு பிரம்பு’ வைத்திருக்கிறார். அதபு என்றால் ஒழுக்கம். சாப்பாட்டுக்காக வீட்டின் பொருட்களும் மரங்களும் ஒவ்வொன்றாக விற்கப்படுகின்றன. வைக்கம் முகம்மது பஷீரும் பழம்பெருமை பேசும் முஸ்லிம் குடும்பத்தை எழுதியிருக்கிறார். பஷீரிடம் அது கனிவான சிரிப்பு. மீரானின் சிரிப்பில் கசப்பு அதிகம், ஏனென்றால் அவர் அடிவாங்கும் மரியம் பீவியின் பக்கத்தில் நின்று அந்த வீட்டைப் பார்க்கிறார். இந்நாவலுக்கு 1997ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது.

எதிர்ப்பும் இடமும்

சமூகத்தின் குறைகளை வெளியாருக்குக் காட்டிக்கொடுக்கிறார் என்ற குற்றச்சாட்டு மீரான்மேல் இருந்தது. சிறுபான்மைச் சமூகத்திலிருந்து எழுதுபவர் எவருக்கும் இது எளிய சிக்கல் அல்ல. வெளியே வெறுப்பு காத்திருக்கும்போது உள்ளே இருக்கும் அநீதியைச் சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானதே. மீரான் அதற்குக் கட்டுரைகளில் அல்ல, கதாபாத்திரங்களில் பதில்சொன்னார். மஹ்மூதும் தொழுகிறவன்தான். முதலாளியை எதிர்ப்பதற்கான துணிவு அவனுக்கு வெளியிலிருந்து வரவில்லை. ஊரின் ஏழைகள், பெண்கள், படிக்க விரும்பும் பிள்ளைகள் எல்லோரும் அதே பள்ளிவாசலின் நிழலில் இருப்பவர்கள். அவர்கள் சார்பில் எழுதியவரைச் சமூகத்துக்கு எதிரானவர் என்று சொல்வது பொருந்தாது.

குமரிக்கரையின் வாழ்க்கை இலக்கியத்துக்குப் போதுமான பொருள் என்பதை அவருடைய நாவல்கள் நிறுவின. பின்னர் எழுதவந்த முஸ்லிம் எழுத்தாளர்களுக்கும் கடற்கரை எழுத்தாளர்களுக்கும், வட்டாரப் பேச்சைத் திருத்தாமல் எழுதலாம் என்ற துணிவு அதனால் எளிதாகியது.

மறைவு

தோப்பில் முகமது மீரான் மே 10, 2019 அன்று திருநெல்வேலியில் தன் 74ஆம் வயதில் காலமானார்.