ரோபோ ஏன் மயங்கியது?

சென்ற குளிர்கால விடுமுறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்று சொல்வதைவிட, ஓடி ஓடி நின்றது என்று சொல்வதே பொருத்தம். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகன் பள்ளிக் கண்காட்சிக்காகச் செய்த ரோபோ அது. நேரே போகும், எதிரே சுவர் வந்தால் பின்வாங்கித் திரும்பி வேறு பக்கம் போகும். அப்படித்தான் திட்டம். ஆனால் பின்வாங்க முற்பட்ட கணத்தில் செத்தாற்போல் நின்றுவிடும். அரை நிமிடம் கழித்து, ஒன்றும் நடவாததுபோல மீண்டும் கிளம்பும். சில சமயம் நிற்கவும் நிற்காமல் ஜன்னல் திரைச்சீலைக்குள் நேரே புகுந்துவிடும்.

கண்காட்சிக்குப் பத்து நாட்களே இருந்தன. நான் ஒரு முறை பார்த்தேன், இரண்டு முறை பார்த்தேன், தீர்ப்பும் சொல்லிவிட்டேன். "ப்ரோக்ராம் ஒழுங்கா எழுதலைடா நீ. அவசரக் குடுக்கை!" பையன் ஒன்றும் பேசவில்லை. வண்டியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

அந்தத் தீர்ப்பு எவ்வளவு தவறு என்பது தெரிய ஆறு நாட்கள் ஆயின. அந்த ஆறு நாட்களில் நாங்கள் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்போது நம் குடும்பங்களில் பல பிள்ளைகள் இத்தகைய பொழுதுபோக்கில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும், அருகில் நின்று தீர்ப்புச் சொல்லும் என் போன்ற தகப்பன்மார்களுக்கும் இது பயன்படக்கூடும்.

வண்டிக்குள் என்ன இருக்கிறது?

வண்டியின் மூளை ராஸ்ப்பெர்ரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினி. ஒரு முழுக் கணினியையும் ஒரே அட்டையில் அடக்கியது; நீளம் 85 மில்லிமீட்டர், அகலம் 56 மில்லிமீட்டர். இங்கிலாந்தில் 2012 பிப்ரவரி 29 அன்று முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. எங்களிடம் உள்ளது 2019-ல் வெளியான நான்காம் மாடல். ஓரத்தில் 40 ஊசிகள் வரிசையாக நிற்கும். அவற்றின் வழியாகத்தான் கணினி வெளியுலகைத் தொடுகிறது.

வண்டியின் கண், வௌவாலைப்போல மீயொலி அனுப்பித் தூரம் அளக்கும் ஓர் உணர்கருவி. கால்கள், மஞ்சள் நிறப் பற்சக்கரப் பெட்டி கொண்ட இரு சிறு மோட்டார்கள். கணினி ஊசிகளால் மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தைத் தர இயலாது. எனவே நடுவில் ஒரு மோட்டார் இயக்கிப் பலகை. எல்லாமே இங்கே டில்லி லஜ்பத் ராய் மார்க்கெட்டில் ஒரே மாலையில் கிடைத்தவை. மின்சாரத்துக்குச் செல்போன் பவர் பேங்க். கணினிக்கும் மோட்டார்களுக்கும் சேர்த்து ஒன்றே போதும் என்று சொன்னவன் நான். இந்த வரியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

மறுநாள் காலை பையனைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்தேன். "ஓடலை" என்பது நோயின் பெயரல்ல. வைத்தியரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? எப்போது, எந்த இடத்தில், எதற்குப் பிறகு, எத்தனை முறைக்கு ஒரு முறை என்று கேட்பார். அதையே நாங்கள் நோட்டில் எழுதினோம். தமிழில்தான் எழுத வேண்டும் என்று அவன் அம்மா நிபந்தனை போட்டாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்றது உபயோகப்படட்டுமே! "சுவர் கிட்ட போச்சு. பின்னாடி வரும்போது நின்னுது. 10 தடவைல 7" என்று எழுதினான். இலக்கணம் எப்படியோ, விவரம் பொன்னானது.

எழுதியபின் ஒன்று புலப்பட்டது. எங்களுக்கு இருந்தது ஒரு நோய் அல்ல, இரண்டு. நின்றுபோவது வேறு, திரைச்சீலையில் மோதுவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் முதல் நாள் எதுவும் பிடிபடவில்லை.

கண்ணையும் மூளையையும் பிரித்துப் பார்த்தல்

ரோபோ மென்பொருளைச் சோதிப்பதில் உள்ள சங்கடம், பிழை எழுத்தில் இருக்கிறதா கம்பியில் இருக்கிறதா என்று தெரியாமல் இருப்பது. ஆகவே இரண்டையும் பிரிக்க வேண்டும்.

பையனின் பைத்தான் நிரலில் அளப்பது, முடிவு செய்வது, மோட்டாரை ஓட்டுவது மூன்றும் ஒரே கூட்டாஞ்சோறாக இருந்தன. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தோம். முடிவு செய்யும் பகுதிக்கு ஒரு தூரத்தைக் கொடுத்தால் 'போ', 'திரும்பு', 'நில்' என்று பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வண்டியே தேவையில்லை. வீட்டுக் கணினியில் உட்கார்ந்து, உணர்கருவிக்குப் பதிலாக நாமே எண்களைக் கொடுத்துச் சோதிக்கலாம்.

100 சென்டிமீட்டர் என்றோம், 'போ' என்றது. 15 என்றோம்; 'திரும்பு' என்றது. எல்லாம் சரி. பிறகு வேண்டுமென்றே கோணலாகக் கேட்டோம். 0 என்றால்? 650 என்றால்? 650-க்கு அது தயங்காமல் 'போ' என்றது. எங்கள் கூடத்தின் நீளமோ மூன்றரை மீட்டர்!

இந்த எண் எங்கிருந்து வரும்? மீயொலி உணர்கருவி ஒலியை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கும். போய்வந்த நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம். அது அளக்கக்கூடிய எல்லை சுமார் 400 சென்டிமீட்டர். மெத்தென்ற திரைச்சீலை ஒலியை விழுங்கிவிடும். சாய்வான பரப்பு வேறு பக்கம் திருப்பிவிடும். எதிரொலி வராவிட்டால் கருவி ஏறக்குறைய 38 மில்லி விநாடி பொறுத்துவிட்டுக் கைவிடும். அந்த நேரத்தைத் தூரமாக மாற்றினால் வருவதுதான் 650. அதாவது "எனக்குத் தெரியவில்லை" என்று கண் சொன்னதை, "வழி வெகுதூரம் காலி" என்று மூளை எடுத்துக்கொண்டிருக்கிறது. தெரியாததை ஆபத்தில்லாதது என்று கொள்வது மனிதருக்கே கூடாது. வண்டிக்கு எப்படிக் கூடும்?

400-க்கு மேல் வந்தால் 'நின்று மறுபடி அள' என்று மாற்றினோம். ஒரே அளவை நம்பாமல் மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுக்கச் செய்தோம். மூன்று முறையும் விடை கிடைக்காவிட்டால் சுவர் என்றே கருதித் திரும்பும்படி வைத்தோம். வண்டியில் ஏற்றியபின் பத்தில் ஒன்பது முறை திரைச்சீலைக்கு முன்பே நின்றது. ஒரு நோய் தீர்ந்தது. "பாத்தியா, ப்ரோக்ராம்லதான் தப்பு" என்று நான் மார்தட்டிக்கொண்டேன். பாதி வெற்றி மனிதனை முழு மூடனாக்கும்.

டப்பாவின் மேல் ஓடிய வண்டி

நின்றுபோகும் நோய் அப்படியே இருந்தது. சக்கரங்கள் தரையைத் தொடாதபடி வண்டியை ஒரு பிஸ்கட் டப்பாவின் மேல் தூக்கி வைத்து, முன்னால் ஓர் அட்டையை நீட்டி நீட்டிக் காட்டினோம். பின்வாங்கியது, திரும்பியது, ஓடியது. இருபது முறையில் ஒரு முறைகூட நிற்கவில்லை. தரையில் விட்டால் உடனே நின்றது.

அதே நிரல், அதே கண். வேறுபாடு ஒன்றுதான்: தரையில் மோட்டார் பாரம் இழுக்கிறது. முதன்முறையாக என் தீர்ப்பில் எனக்கே சந்தேகம் வந்தது.

அடுத்து, ஒவ்வொரு வேலையையும் செய்யுமுன் ஒரு வரி எழுதி வைக்கும்படி நிரலை மாற்றினோம். அதையும் பையன் தமிழிலேயே எழுதினான். பைத்தானுக்குத் தமிழ் எழுத்து நன்றாகவே வரும். இங்கே இரண்டு எச்சரிக்கை. எழுதிய வரி உடனே மெமரி கார்டுக்குப் போவதில்லை. கணினி சிறிது நேரம் கையிலேயே வைத்திருக்கும். அதற்குள் மின்சாரம் போனால் நமக்கு வேண்டிய கடைசி வரியே காணாமல் போகும். ஆகவே உடனுக்குடன் எழுதும்படி கட்டளையிட வேண்டும். இரண்டாவது, எங்கள் மாடலில் பேட்டரியுடன் கூடிய கடிகாரம் கிடையாது. இணையத் தொடர்பு இல்லாதபோது அது காட்டும் மணியை நம்பக்கூடாது. கணினி விழித்து எத்தனை விநாடி ஆயிற்று என்பதைக் குறிப்பதே மேல்.

வண்டி நின்றதும் பதிவைத் திறந்தோம். கடைசி மூன்று வரிகள்:

212 விநாடி: சுவர் 18 செ.மீ.
212 விநாடி: பின்னால் போ
24 விநாடி: வணக்கம், தயார்

212-க்குப் பிறகு 24! நிரல் சிக்கிக்கொண்டு நிற்கவில்லை. கணினியே அணைந்து, புதிதாக விழித்து, முதலிலிருந்து வணக்கம் சொல்கிறது. அந்த அரை நிமிட மயக்கத்தின் பொருள் அதுதான்.

காரணம் இப்போது கண்ணாடிபோல் தெரிந்தது. இந்தச் சிறு மோட்டார் பாரமில்லாமல் சுற்றும்போது ஆம்பியரில் ஆறில் ஒரு பங்கு அளவே மின்சாரம் எடுக்கும். சக்கரம் தடைபட்டு நின்றால் ஓர் ஆம்பியருக்கு மேல் இழுக்கும். முன்னால் ஓடுவதைத் திடீரென்று பின்னால் திருப்பினாலும் கணநேரம் அப்படித்தான். இரண்டு மோட்டார்களும் ஒரே நேரத்தில் இழுத்தால், அதே பவர் பேங்கிலிருந்து உண்ணும் கணினிக்கு மின் அழுத்தம் சரிகிறது. 5 வோல்ட்டில் ஓட வேண்டிய அது, ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதுமே தன் பதிவில் எச்சரிக்கை எழுதிவிடும். தேடிப் பார்த்தோம், மயங்காமல் நூலிழையில் தப்பிய தருணங்களின் எச்சரிக்கைகள் வரிசையாக இருந்தன. அவை முதல் நாளிலிருந்தே அங்கே இருந்திருக்கின்றன. பார்க்கத்தான் ஆளில்லை.

ஒரே பவர் பேங்க் போதும் என்று சொன்னது யார் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

சரிசெய்த விதம்

மோட்டார்களுக்குத் தனி பேட்டரிப் பெட்டி கொடுத்தோம். ஆனால் இரண்டின் எதிர்மின் கம்பிகளையும் ஒன்றாக இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினி சொல்வது மோட்டார் பலகைக்குப் புரியாது. நிரலிலும் ஒரு மாற்றம்: பின்வாங்குமுன் கால் விநாடி நின்று, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுவது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யவில்லை. ஒரு மாற்றம், பத்து ஓட்டம், நோட்டில் ஒரு வரி, பிறகே அடுத்தது. மூன்றை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியாயிற்று என்று தெரியாது, கெட்டாலும் தெரியாது.

வேறு சில குறிப்புகளும் உண்டு. உணர்கருவி திருப்பி அனுப்பும் சமிக்ஞை 5 வோல்ட். கணினியின் ஊசி தாங்குவதோ 3.3 வோல்ட்தான். நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டை வைத்துக் குறைக்காவிட்டால் ஊசி கெடும். கையால் ஓட்டினால் ஓடும் நிரல், தானாகத் தொடங்கும்போது ஓடவில்லையென்றால், பெரும்பாலும் அது தன் கோப்புகளை வேறு இடத்தில் தேடுகிறது என்று பொருள். கோப்பின் முழு முகவரியையும் எழுதுங்கள். கணினியை முறையாக அணைக்காமல் பிளக்கைப் பிடுங்காதீர்கள். மெமரி கார்டு கெட்டுப்போகலாம். டில்லிவாசிகளுக்குத் தனியாக ஒன்று: ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறும். 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர். 40 டிகிரியில் சுமார் 355. ஜனவரியில் சரியாக அளந்த வண்டி, மே மாதத்தில் ஒரு மீட்டரை 96, 97 சென்டிமீட்டர் என்று காட்டினால் அதைத் திட்டாதீர்கள்.

செவ்வாயிலும் இதே மயக்கம்

நம் வீட்டு வண்டிக்கு மட்டும்தான் இப்படி என்று பிள்ளைகள் மனம் தளர வேண்டாம். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய அமெரிக்காவின் பாத்ஃபைண்டர் கலமும் சில நாட்களில் தானாகவே அணைந்து அணைந்து விழித்தது. அங்கே காரணம் மின்சாரமல்ல, மென்பொருள். வீட்டில் அலமாரிச் சாவி கடைக்குட்டியிடம் இருக்கிறது. அப்பாவுக்கு அது அவசரமாக வேண்டும். நடுவில் அக்கா கடைக்குட்டியை வேறு வேலைக்கு இழுத்து வைத்துக்கொள்கிறாள். அப்பா காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வானிலைத் தகவல் சேகரிக்கும் சிறு வேலை சாவியை வைத்திருக்க, முக்கிய வேலை காத்திருக்க, குறித்த நேரத்தில் வேலை முடியாததைக் கண்ட காவல் ஏற்பாடு கணினியையே மறுபடி தொடங்கியது. பொறியாளர்கள் பூமியில் வைத்திருந்த நகல் கணினியில் அதே மயக்கத்தை வரவழைத்து, பதிவுகளைப் படித்துக் காரணம் கண்டு, சாவி வைத்திருப்பவனுக்குத் தற்காலிகமாக அப்பாவின் முன்னுரிமையைக் கொடுக்கும்படி திருத்தம் அனுப்பினார்கள். வண்டியின் விலைதான் வேறு, வழி ஒன்றே. மயக்கத்தை மீண்டும் வரவழை, பதிவைப் படி, ஒன்றை மட்டும் மாற்று.

ஆறாம் நாள் இரவு வண்டி கூடத்தில் நாற்பது நிமிடம் நிற்காமல் ஓடியது. "ஒயரிங் நான் சொன்னதுதான்டா தப்பு. உன்னைத் திட்டியிருக்கக் கூடாது" என்றேன். பையன் சற்று நேரம் யோசித்தான். "பரவால்லப்பா, திரைச்சீலை தப்பு என்னோடதுதானே" என்றான். பிறகு நோட்டை எடுத்து ஏதோ எழுதினான். மறுநாள் எடுத்துப் பார்த்தேன்.

"மயக்கம் சரியாச்சு. காரணம்: அப்பா. 10 தடவைல 0."