எந்தச் சரக்குக்கு எந்த வண்டி?
ஒரகடம் சாலையில் ஓடும் ராட்சத டிரைலர்கள்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவிலுக்குப் பஸ்சில் போகிறவர்கள் ஒரு காட்சியைக் காணாமல் இருக்க முடியாது. ரயில் பெட்டி தண்டவாளத்தை விட்டுச் சாலைக்கு வந்துவிட்டதோ என்று நினைக்கும்படி, நீளமான லாரிகள் வரிசையாகப் போகும். ஒன்றின் முதுகில் பெரிய இரும்புப் பெட்டி. இன்னொன்றில் மாடி வீடு போல இரண்டு தட்டு. தட்டு முழுவதும் புதுக் கார்கள். மற்றொன்று தரையோடு தரையாகத் தவழ்ந்து போகும்.

இவைதான் டிரைலர்கள்.

"எல்லாம் லாரிதானே! எதில் ஏற்றினால் என்ன?" என்று கேட்கலாம். அப்படி நினைத்து ஏற்றிய சரக்கு ஊர் போய்ச் சேராது. சில சமயம் டிரைவரும் வீடு போய்ச் சேர மாட்டார்.

தலை வேறு, உடல் வேறு

சாதாரண லாரியில் என்ஜினும் சரக்கு ஏற்றும் தட்டும் ஒரே சட்டத்தில் இருக்கும். டிரைலரில் அப்படி இல்லை. முன்னால் இருப்பது இழுவை லாரி. அதன் முதுகில் வட்டமான இரும்புத் தட்டு ஒன்று உண்டு. அதற்கு "ஐந்தாவது சக்கரம்" என்று பெயர். பெயர்தான் சக்கரம், அது தரையில் உருளாது! டிரைலரின் அடியில் உள்ள தடித்த முளை அந்தத் தட்டில் போய்ப் பூட்டிக்கொள்ளும். பூட்டைத் திறந்தால் தலை தனி, உடல் தனி. உடல் கம்பெனியில் நின்று சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது, தலை வேறொரு டிரைலரை இழுத்துக்கொண்டு துறைமுகம் போய் வந்துவிடும்.

இந்த வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகப் பெருக டிரைலர்களும் பெருகின. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாராகத் தொடங்கியது. 2000-ல் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை வந்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலையும், 2012-ல் டெய்ம்லர் லாரி தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. லாரி ஓடும் ஊரிலேயே லாரியும் பிறக்கிறது!

எடையா, இடமா?

வண்டி பேசும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. சரக்கு கனமானதா, அல்லது இடத்தை அடைப்பதா?

டயரை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி நிறைந்துவிடும், எடை அதிகம் இராது. இதற்கு 40 அடிப் பெட்டி ஏற்றது. இரும்பு வார்ப்புகள் நேர்மாறு. பெட்டியின் பாதிகூட நிறையாது. அதற்குள் எடை எல்லையைத் தொட்டுவிடும். இதற்கு 20 அடிப் பெட்டியே போதும்.

இங்கேதான் புதிய தொழிலதிபர்கள் பலர் ஏமாறுகிறார்கள். 40 அடிப் பெட்டியில் இரு மடங்கு இடம் இருப்பது உண்மை. ஆனால் இரு மடங்கு எடை ஏற்ற முடியாது. பெட்டியையும் சேர்த்து 30 டன்னுக்குச் சற்று மேல்தான் அதன் உச்ச வரம்பு. பெரிய பெட்டிக்குப் பெரிய வாடகை கொடுத்து, உள்ளே காற்றை ஏற்றி அனுப்புவதில் என்ன லாபம்?

இந்தப் பெட்டி முறையைப் பரப்பியவர் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி அதிபர். 1956 ஏப்ரல் 26-ந்தேதி 58 பெட்டிகளுடன் அவருடைய கப்பல் நெவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. சரக்கை மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்றாமல், பெட்டியோடு தூக்கி வைத்தார்கள்.

பெட்டி ஏற்றும் டிரைலருக்குத் தளமே கிடையாது. வெறும் எலும்புக்கூடு. பெட்டியின் நான்கு மூலைகளையும் நான்கு திருகு பூட்டுகள் பிடித்துக்கொள்ளும். பூட்டைத் திருகாமல் கிளம்பிவிட்டால், வளைவில் வேகமாகத் திரும்பும்போது பெட்டி மட்டும் சரிந்து விழும். பக்கத்தில் ஸ்கூட்டரில் போகும் குடும்பத்தின் கதி என்ன ஆகும்?

உருளும் எமன்

கார் செய்யும் இரும்புத் தகடு, பாய் போல் சுருட்டி வருகிறது. ஒரு சுருளே பல டன் இருக்கும். இதற்குத் திறந்த தட்டை டிரைலர் வேண்டும். கிரேன் மேலிருந்து இறக்க அதுதான் வசதி. ஆனால் சுருள் உருளும் பொருள். டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் வண்டி நிற்கும்; சுருள் நிற்காது. நேரே டிரைவர் அறைக்குள் பாய்ந்துவிடும். அதனால் பள்ளமான மரத் தொட்டிலில் உட்கார வைத்து, ஆப்பு அடித்து, சங்கிலியால் இறுக்க வேண்டும். கயிறு போதாது.

கண்ணாடியோ படுக்கவே கூடாது! கூரை போலச் சாய்ந்த சட்டத்தில் சாய்த்து நிறுத்தி எடுத்துச் செல்கிறார்கள். படுக்க வைத்தால் சாலைக் குலுக்கலில் வளைந்து உடைந்துவிடும்.

மண் வெட்டும் இயந்திரம் சுமார் 3 மீட்டர் உயரம். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள சாதாரண டிரைலரில் ஏற்றினால் மொத்தம் நாலரை மீட்டர் ஆகிவிடும். மின்சாரக் கம்பியும் பாலமும் குறுக்கே வரும். அதற்காகத்தான் தாழ்தள டிரைலர். தவழ்ந்து போவதன் ரகசியம் இதுதான்.

கார் ஏற்றும் மாடி டிரைலர் ஒரே வேலைக்குத்தான் ஆகும். காரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வேறு சரக்கு ஏற்ற முடியாது. அந்தக் காலி ஓட்டமும் வாடகையில் சேரும். இதனால் வாலாஜாபாத் ரயில் நிலையத்திலிருந்து ரயிலிலும் கார்கள் போகின்றன.

55 டன் வரை

2018-ல் மத்திய அரசு எடை வரம்பை உயர்த்தியது. முன் அச்சுக்கு 7 டன், இழுவை லாரியின் இரட்டைப் பின் அச்சுக்கு 21 டன், டிரைலரின் மூன்று அச்சுகளுக்கு 27 டன். கூட்டினால் 55 டன். இது வண்டியின் எடையும் சேர்ந்த கணக்கு. மீறினால், 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிகச் சரக்கை இறக்கும் செலவும் தலையில் விழும். மொத்த எடை சரியாக இருந்தாலும், எல்லாவற்றையும் பின்கோடியில் குவித்தால் ஒரு அச்சு மட்டும் வரம்பை மீறும். பிரேக்கும் சரியாகப் பிடிக்காது.

ஒரகடம் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. உள்ளே போக முறை வரும்வரை டிரைலர்கள் சாலை ஓரத்திலேயே நிற்கின்றன. இருட்டில் இரு சக்கர வண்டியில் வருகிறவர் பின்னால் மோதிவிடுகிறார். இதைத் தடுக்கத்தான் ஒளிரும் நாடா ஒட்டச் சொல்கிறது விதி. பின்னால் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள், முன்னால் வெள்ளை. புழுதி படிந்தால் அது மின்னாது. ஈரத் துணியால் துடைக்க இரண்டு நிமிடம் போதும்.