காரின் மூக்கு!

சிறிய கார் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று ஓட்டுகிறவரின் கண் எதிரே மஞ்சள் விளக்கு எரிகிறது. என்ஜின் படம் போட்ட விளக்கு! கார் நிற்கவில்லை. சத்தமும் இல்லை. ஆனால் பெட்ரோல் மட்டும் தண்ணீராய்ச் செலவாகிறது.

"ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது. புதிது வாங்கி மாட்டுங்கள்" என்று யாராவது சொல்லுவார்கள். போயிருக்கலாம். போகாமலும் இருக்கலாம். அவசரப்பட்டுப் புதியதை வாங்கி மாட்டுகிறார்கள். நாலு நாள் கழித்து அதே விளக்கு மறுபடியும் எரிகிறது!

அது என்ன?

சென்சார் என்றால் உணரும் கருவி. ஆக்சிஜன் சென்சாரைக் காரின் மூக்கு என்று சொல்லலாம். பார்ப்பதற்கு ஸ்பார்க் பிளக் போல இருக்கும். பின்னால் ஒயர், வால் போலத் தொங்கும். என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயில் இதைத் திருகி வைத்திருப்பார்கள். புகையில் ஆக்சிஜன் மிஞ்சி இருக்கிறதா என்று இது முகர்ந்து பார்க்கிறது.

எதற்காக? 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிவதற்குச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று குறைந்தால் பெட்ரோல் முழுவதும் எரியாது. காசு, புகையாய்ப் போகும்!

மூக்கின் நுனியில் ஜிர்கோனியா என்ற ஒரு வகைப் பீங்கான் இருக்கிறது. அதன் ஒரு பக்கம் புகை. மறு பக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசத்தால் ஒரு துளி மின்சாரம் பிறக்கிறது. ஆக்சிஜன் மிஞ்சினால் சுமார் 0.1 வோல்ட். பெட்ரோல் மிஞ்சினால் சுமார் 0.9 வோல்ட். டார்ச் லைட் பாட்டரியில் கூட 1.5 வோல்ட் உண்டு! இந்தத் துளியைப் பார்த்துத்தான் காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது.

ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1976-ம் ஆண்டில் இதைத் தயாரித்தது. சுவீடன் நாட்டு வால்வோ கார்களுக்கு முதலில் கிடைத்தது. இன்று நம் ஊர் சின்னக் கார்களிலும் இருக்கிறது. சில கார்களில் இரண்டு மூக்கு!

சாட்சியா, குற்றவாளியா?

முதலில் கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டும். புதிய கார்களில் டாஷ்போர்டின் அடியில் ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனர் என்ற சிறு கருவியைச் செருகினால், ஒரு நம்பர் வரும். பி 0135 என்றால், சென்சாரைச் சூடாக்கும் கம்பியிலோ அதன் ஒயரிலோ கோளாறு. (சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் இந்த மூக்குக்கு உணர்ச்சி வரும்!) பி 0171 என்றால் கதை வேறு. "பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்" என்று மூக்கு புகார் சொல்லுகிறது. அது உண்மையாகவே இருக்கலாம்.

காற்று போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும் இந்த நம்பர் வரும். புகைக் குழாயில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று நுழைந்தாலும் வரும். மூக்கு நல்ல சாட்சி. சாட்சியைத் தூக்கி எறிந்து என்ன பயன்?

ஒயரையும் பாருங்கள். பானெட்டுக்குள் புகுந்து ஒயரைக் கடிக்கும் எலியார், மெக்கானிக்குகளுக்கு நல்ல நண்பர்!

மல்டிமீட்டர் இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. நான்கு ஒயர் சென்சாரில் பெரும்பாலும் ஒரே நிறத்தில் இரண்டு ஒயர்கள் இருக்கும். சூடாக்கும் கம்பி அவற்றுக்கு இடையேதான் இருக்கிறது. கப்ளரைக் கழற்றி, அந்த இரண்டையும் அளக்க வேண்டும். சில ஓம் காட்டினால் கம்பி நலம். மீட்டர் அசையவே இல்லை என்றால் கம்பி அறுந்துவிட்டது. இனி தயங்க வேண்டாம், மாற்றலாம்.

மாற்றுவது எப்படி?

என்ஜின் ஆறட்டும். ஓடி நின்ற காரின் புகைக் குழாயைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். சென்சாரின் மரையில் துருவை இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டுக் காத்திருங்கள். இங்கேதான் பலருக்குப் பொறுமை போகிறது!

பிறகு 22 நம்பர் ஸ்பானரால் இடது பக்கம் திருப்ப வேண்டும். அசையவில்லையா? மறுபடியும் எண்ணெய். மறுபடியும் காத்திருப்பு. பலாத்காரம் செய்தால் குழாயின் மரை போய்விடும். பிறகு குழாயையே மாற்ற நேரும். அந்தக் கட்டத்தில் மெக்கானிக்கிடம் போவதுதான் புத்திசாலித்தனம்.

புதியதை முதலில் கையாலேயே திருகுங்கள். கோணலாக ஏறினால் உடனே நிறுத்துங்கள். நுனியில் எண்ணெய், கிரீஸ், விரல் எதுவும் படக் கூடாது. கீழே விழுந்த சென்சாரை மாட்டாதீர்கள். உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கும். வெளியே தெரியாது! ஒயர் குழாயைத் தொடாமல் பழைய கிளிப்பில் செருக வேண்டும்.

சில கார்களில் சென்சார் வண்டிக்கு அடியில் இருக்கும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. ஸ்டாண்டு வைக்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விடுவதும் அப்படித்தான். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

விட்டுவிட்டால் என்ன?

"விளக்குதானே, எரியட்டும்" என்று சிலர் இருந்துவிடுவார்கள். அது ஆபத்து. புகைக் குழாயில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்ற பெட்டி இருக்கிறது. தேன்கூடு போன்றது. பிளாட்டினம் முதலிய விலை உயர்ந்த உலோகங்கள் பூசியது. எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்தால் கூடு உருகிவிடும். சென்சாரின் விலையைப் போல் பல மடங்கு செலவு!

கழற்றிய பழைய மூக்கை உடனே குப்பையில் போட வேண்டாம். நுனியைப் பாருங்கள். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெள்ளைப் பொடி படிந்திருந்தால், ரேடியேட்டர் தண்ணீர் என்ஜினுக்குள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கசிவை அடைக்காவிட்டால், புதிய மூக்குக்கும் அதே கதிதான்.