இயந்திரம் ஓடினால் போதுமா?

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய சீனக்குடாப் பகுதியில் பிரிமா மா ஆலை, டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை போன்ற பெரும் ஆலைகள் இயங்குகின்றன. அங்கெல்லாம் உற்பத்தியை அளப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. கிண்ணியாவிலும் மூதூரிலும் அரிசி ஆலை நடத்தும் எமது முதலாளிமார் பலர், "மெஷின் காலையிலிருந்து ஓடுகிறது" என்பதோடு திருப்தியடைவதையே நான் காண்கிறேன்.

ஜப்பானிய நிபுணர் செய்ச்சி நகாஜிமா இதற்கு எளிய கணக்கொன்றைத் தந்தார். இயந்திரம் ஓடிய நேரம், ஓடிய வேகம், பழுதின்றிக் கிடைத்த பொருள் ஆகிய மூன்றையும் சதவீதமாக எடுத்துப் பெருக்க வேண்டும்.

உதாரணமாக, 10 மணி நேர வேலையில் பெல்ட் அறுந்து ஒரு மணி நேரம் வீணானால் 90 சதவீதம். மணிக்கு 1,000 கிலோ குற்ற வேண்டிய மெஷின் 800 கிலோ குற்றினால் 80 சதவீதம். அரிசியில் 5 சதவீதம் நொறுங்கினால் மிச்சம் 95. மூன்றையும் பெருக்கினால் 68.4 சதவீதம்தான். 10 மணி நேரக் கூலிக்கு ஏழு மணி நேர வேலை கூடக் கிடைக்கவில்லை! நகாஜிமா வைத்த இலக்கோ 85 சதவீதம்.

இந்தக் கணக்கை வைத்து வேலையாளை ஏசக்கூடாது. ஏச்சுக்குப் பயந்தவர் மெஷின் நின்ற நேரத்தை மறைப்பார்; பிறகு கணக்கே பொய்யாகிவிடும். இயந்திரத்தை இயக்குபவரே அதைத் துடைத்து, எண்ணெயிட்டுப் பேண வேண்டும் என்பதும் நகாஜிமாவின் முறைதான். ஆகவே, கொப்பியொன்றை அவரிடமே கொடுங்கள். எப்போது நின்றது, ஏன் நின்றது என்று எழுதட்டும். ஒரு மாதத்தில், ஆளை மாற்றுவதா, பெல்ட்டை மாற்றுவதா என்பது உங்களுக்கே விளங்கும்.