25 டன் ஜோராவர்... செல்போன் விலையில் டிரோன்! - மாறும் இந்திய ராணுவம்

2020 ஜூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தபோது, அங்கே துப்பாக்கிச் சூடே நடக்கவில்லை. கற்களும் ஆணி பதித்த கட்டைகளும்தான் ஆயுதங்கள். ஆனால், அதன்பிறகு லடாக் எல்லையில் நடந்தவைதான் நம் ராணுவத்தை அதிகம் யோசிக்கவைத்தன.

மலைப்போருக்கென்றே வடிவமைத்த 'டைப் 15' இலகுரக டாங்கிகளை எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியது சீனா. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. இருந்தவை 40 டன்னைத் தாண்டும் டி-72, 46 டன் டி-90. பஞ்சாப் சமவெளிக்கும் ராஜஸ்தான் மணலுக்கும் பொருத்தமானவை. அவற்றைச் சரக்கு விமானங்களில் ஏற்றி லடாக்குக்குக் கொண்டுபோனது விமானப்படை. கைலாஷ் மலைத்தொடரின் உச்சிவரை அவற்றை ஏற்றிக் காட்டினார்கள் நம் வீரர்கள். சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால், 15,000 அடி உயரத்தில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அங்கே மனிதனைப்போலவே இன்ஜினும் மூச்சுத் திணறும். குளிர்காலத்திலோ மைனஸ் 30 டிகிரி!

அந்தத் தேவையில் பிறந்ததுதான் 'ஜோராவர்'. எடை 25 டன். ஒரு சி-17 விமானத்தில் இரண்டை ஏற்றலாம். நீரிலும் மிதந்து செல்லும். 1841-ல் திபெத்துக்குள் படை நடத்திச் சென்று, அங்கேயே போரில் வீழ்ந்த டோக்ரா தளபதி ஜோராவர் சிங்கின் பெயர். இதை வடிவமைத்ததில் சென்னை ஆவடிக்குப் பெரிய பங்கு உண்டு. அங்குள்ள டி.ஆர்.டி.ஓ ஆய்வகம் எல் அண்ட் டி நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கியது. 2024 டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேல் சுட்டுப் பார்த்தார்கள்.

பெருமைதான். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'உள்நாட்டு' டாங்கியான இதற்கு இன்ஜின் அமெரிக்காவிலிருந்தும், பீரங்கி பொருத்திய மேல்பகுதி பெல்ஜியத்திலிருந்தும் வந்தன. முதலில் திட்டமிட்ட ஜெர்மன் இன்ஜின் தாமதமானதால்தான் அமெரிக்க இன்ஜினுக்கு மாறினார்கள்.

சரி, எடை குறைந்துவிட்டது. பிரச்னை தீர்ந்ததா? அதற்குள் போரே மாறிவிட்டது!

உக்ரைனில் பல கோடி ரூபாய் டாங்கிகளை வீழ்த்துவது எது தெரியுமா? இப்போது உங்கள் கையில் இருக்கும் செல்போன் விலையில் கிடைக்கும் டிரோன். பல கிலோமீட்டர் தள்ளிப் பதுங்கியிருக்கும் ஒருவர், கண்ணில் திரையை மாட்டிக்கொண்டு அதை ஓட்டிவந்து, டாங்கியின் மெல்லிய மேல்தகட்டில் மோதவிடுகிறார். ரேடியோ அலையை முடக்கினால் டிரோன் விழுந்துவிடும் என்றிருந்தது. இப்போது மீன்பிடி நரம்பு போன்ற கண்ணாடி இழையை இழுத்துக்கொண்டே பறக்கும் டிரோன்கள் வந்துவிட்டன. அலையே இல்லை, எதை முடக்குவது? அதனால் இரு தரப்பும் டாங்கிகளுக்கு இரும்புக் கூண்டு கட்டுகின்றன. பார்க்கக் கோழிக்கூண்டு போலத்தான் இருக்கும்.

2025 மே மாதம் பாகிஸ்தானுடன் நடந்த மோதலிலும் டிரோன்கள் கூட்டம் கூட்டமாக வந்தன. அந்த ஜூலையில், திராஸில் நடந்த கார்கில் வெற்றி தினத்தில் ராணுவத் தளபதி உபேந்திர திவேதி, ஒவ்வொரு காலாட்படை பட்டாலியனிலும் தனி டிரோன் பிரிவு என அறிவித்தார். காலாட்படை, டாங்கி, பீரங்கி, டிரோன் எல்லாம் ஒரே குடையின்கீழ் இயங்கும் 'ருத்ரா' படைப்பிரிவுகளும் அந்த அறிவிப்பில் உண்டு. போர் மூண்டபிறகு இவர்களை ஒன்றுசேர்க்க நேரமிருக்காது என்பதுதான் காரணம்.

டிரோன்களை எங்கே வாங்குவது? மோட்டார், பேட்டரி, கேமரா என எதைத் தொட்டாலும் சீனா வந்து நிற்கிறது. சீன உதிரிபாகம் இருந்ததால், 400 சரக்கு டிரோன்களுக்கான ஒப்பந்தங்களை 2025 தொடக்கத்தில் பாதுகாப்பு அமைச்சகம் ரத்து செய்தது. சரியான முடிவு. லடாக்கில் எதிரே நிற்பவர் செய்த பொருளை நம்பி அங்கேயே பறக்கவிட முடியாதே!

பொருள் கிடைத்தாலும் ஆள் வேண்டும். டிரோனை லாகவமாக ஓட்ட மாதக்கணக்கில் கை பழக வேண்டும். அக்னி வீரர்களின் பணிக்காலமோ நான்கு ஆண்டுகள். இப்போதைய விதிப்படி அதிகபட்சம் 25 சதவிகிதம் பேர்தான் தொடர முடியும். முதல் அணியின் காலம் 2026 இறுதியில் முடியத் தொடங்குகிறது. கை பழகிய எத்தனை பேரை ராணுவம் வைத்துக்கொள்ளப்போகிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.